பால் தொட்டிக்குப் போன சூடு

"இந்தக் கோபத்தை எங்கிட்டயிருந்து எடுத்துப் போட்டுருங்க, தாயி," என்றார் சென்னியப்பன், மயிலாத்தாளிடம்.

அறுபது வயசு மனுசர். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தூக்கிப் பெற்ற மகள் மேலேயே வீசிவிட்டார். மூன்று வருசமாக அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மயிலாத்தாளுக்கு அவரில் பாதி வயசுதான் இருக்கும். காங்கேயத்துப் பக்கம் நாற்பது மாடு வைத்திருந்தாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் சாணி அள்ளச் சொல்லுவாள்.

இவரிடம் அதுகூடச் சொல்லவில்லை.

"பால் தொட்டிகிட்ட உக்காந்து பாத்துட்டு இருங்க. தீவனம் வாங்கிட்டு வந்துர்றேன்."

விடியக் கறந்த பால் முந்நூறு லிட்டர் தொட்டியில் கிடந்தது. பக்கத்தில், சாண எரிவாயுவில் கரண்டு எடுக்கிற இஞ்சின் தடதடவென்று ஓடியது. அதன் புகைக்குழாய் கூரைக்குப் போகாமல் நேரே தொட்டியின் குளிர்பெட்டிக்குள் போனது.

சென்னியப்பன் குழாயைத் தொட்டார். விரல் பொசுங்கியது.

"அட கெரகமே! பங்குனி வெயில் பத்தாதுன்னு பாலுக்குப் பக்கத்துல நெருப்பு வேறயா?"

குழாயில் ஒரு கைப்பிடி இருந்தது. திருப்பினார். புகை கூரைக்கு மேலே போய்விட்டது. நல்ல காரியம் செய்த நிறைவில் அப்படியே கண்ணயர்ந்தார்.

மத்தியானம் மயிலாத்தாள் வந்து மூடியைத் திறந்தாள். புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"கைப்பிடியை யாரு திருப்புனது?"

"நாந்தானுங்க. சூட்டை வெளிய தொரத்திட்டேன்."

"அந்தச் சூடுதானுங்க பெட்டிக்குள்ள இருக்கற அமோனியாவைக் கொதிக்க வெச்சு, பாலைக் குளிர வெக்குது."

சென்னியப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நெருப்பு குளிர வெக்குமா? யார் காதுல பூச் சுத்தறீங்க?"

அவள் அத்தனை பாலையும் வெளியே திறந்துவிட்டாள். தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் விட்டாள். கைப்பிடியைப் பழையபடி திருப்பினாள்.

ஒரு மணி நேரம் போனது.

"கையை விட்டுப் பாருங்க."

விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் விறைத்துப் போனது.

குழாயைப் பார்த்தார். கிட்டப் போக முடியாத அனல். தொட்டியைப் பார்த்தார். பிளந்த வாய் மூடவில்லை.

மயிலாத்தாள் தண்ணீரை வடித்துவிட்டு, பிரஷ்ஷோடு தொட்டிக்குள் இறங்கினாள். கரகரவென்று தேய்த்தாள். தொட்டியே அதிர்ந்தது.

சென்னியப்பன் தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்தார்.

"முந்நூறு லிட்டரு, தாயி. உங்களுக்குக் கோபமே வரலீங்களா?"

"வராம இருக்குமுங்களா?" என்றாள், தலை நிமிராமல். "அந்தச் சூட்டுலதானுங்க பாதித் தொட்டி தேச்சாச்சு, பாருங்க."