மாவில் நடந்த எலி

"நாளைக்குச் சுகாதார அதிகாரி வர்றார். அதுக்குள்ள எலி எங்க குடியிருக்குன்னு காட்டு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ!" என்று பாத்திரம் துலக்கும் செவந்தியிடம் கத்தினார் ஓட்டல் முதலாளி மாசிலாமணி.

அவள் கெஞ்சவில்லை. சாயங்காலம் சமையல்கட்டுத் தரை முழுக்கக் கோலமாவைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் பார்த்தால், மாவை மிதித்த எலியின் வெள்ளைக் காலடித் தடங்கள் நேராக முதலாளி அறைக்குப் போய் அவர் மேசையடியில் முடிந்திருந்தன.

"என் மேசையிலயா? இருக்கவே இருக்காது!"

"நீங்களே இழுப்பறையைத் திறந்து பாத்துடுங்கய்யா. அதிகாரி வந்து திறந்தா நல்லாவா இருக்கும்?"

இழுப்பறையைத் திறந்தார். டாக்டரும் மனைவியும் சாப்பிடக் கூடாதென்று தடுத்திருந்ததால் அவர் ஒளித்துவைத்த அதிரசம் பாதி கடிபட்டுக் கிடந்தது. பக்கத்திலேயே நான்கு எலிக்குஞ்சுகள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

செவந்தி எல்லாவற்றையும் முறத்தில் வாரினாள். "பயப்படாதீங்கய்யா. வீட்ல அம்மாகிட்ட எலியைப் பத்தி மட்டும்தான் சொல்வேன்."

மாசிலாமணி கைகூப்பினார். "நல்லா இரு தாயி. ஓட்டலையும் காப்பாத்தினே, என்னையும் காப்பாத்தினே."