ஆடு கவிழ்த்த எண்ணெய்க் குடம்

சங்குமேட்டுத் துறைமுகத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருந்தவள் செங்கமலம். அவளுடைய எண்ணெய்க் குடத்தை ஓர் ஆடு முட்டிக் கவிழ்த்துவிட்டது. சொன்னால் சிரிப்பார்களே என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் காலையில், வழக்கமாக வாங்கும் ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் வாங்கிச் சுமந்து போனாள்.

அன்று மாலை முரசு அறைந்தார்கள்.

"வெளியூர் எண்ணெய்க்கு வாங்கும் சுங்கத்தை எடுத்துவிடலாமா? எடுக்கலாம் என்பவர்கள் புளியங்கொட்டையும், வேண்டாம் என்பவர்கள் வேப்பங்கொட்டையும் வெள்ளிக்கிழமை பானையில் போடுங்கள்!"

எதைக் கேட்டாலும் கொட்டை போட்டு முடிவு சொல்வது அவ்வூர் வழக்கம்.

செங்கமலம் யோசித்தாள். எண்ணெய் விலை ஏறினால் கடையை மூட வேண்டியதுதான். சுங்கம் போனால் விலை இறங்குமா, ஏறுமா?

வெள்ளிக்கிழமை வரிசையில் அவளுக்கு முன்னால் தையற்காரர் சுலைமான் நின்றார்.

"அண்ணே, நீங்க எதைப் போடப்போறீங்க?"

"வேப்பங்கொட்டைதான் தங்கச்சி. சுங்கம் போனா நம்மூர்ச் செக்கெல்லாம் மூடிடும். அப்புறம் வெளியூர்க்காரன் வச்சதுதான் விலை. மாயாண்டி சொன்னான். முடி வெட்டுற கடைக்கு வராத சேதியா?"

செங்கமலம் திரும்பிப் பார்த்ததும், பின்னால் நின்ற மாயாண்டி தலையைச் சொறிந்தான்.

"எனக்கென்னக்கா தெரியும்? விலை ஏறும்னு பூக்காரப் பாக்கியம் அடிச்சுச் சொன்னாங்க. செக்குக் கதை நானாச் சேர்த்தது. பயந்து ஊரே வாங்கிக் குவிக்குது. விலையும் நேத்தே ஏறிப்போச்சே!"

பாக்கியம் அவனுக்கும் பின்னால் நின்றாள். செங்கமலம் அவளிடம் கேட்டாள்.

"நல்லா இருக்குடி! என்னைக் கேக்குறியா? ரெண்டு குடத்தைத் தூக்கிக்கிட்டு, வாயே திறக்காம போனவ நீதானே? எண்ணெயிலயே பொழைக்கிறவளுக்குத் தெரியாததா? விலை ஏறப்போகுதுன்னு அதைப் பார்த்துதான் புரிஞ்சுக்கிட்டேன்."

வரிசை நகர்ந்தது. செங்கமலம் வேப்பங்கொட்டையைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள். பானை எதிரே வந்துவிட்டது.

"ம், போடும்மா," என்றார் பானைக்குக் காவல் நின்றவர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், விலையும் ஏறிவிட்டது. இந்த நான்கில் செங்கமலம் நம்பத்தக்க சாட்சி எத்தனை?

விடை: ஒன்றுகூட இல்லை. சுலைமான் மாயாண்டியை நம்பினார். மாயாண்டி பாக்கியத்தை நம்பினான். பாக்கியமோ செங்கமலத்தின் குடங்களை நம்பினாள். அவை முரசு ஒலிக்கும் முன்பே வாங்கியவை. வாங்க வைத்தது ஓர் ஆடு! விலை ஏறியதும் எல்லோரும் பயந்து வாங்கியதால்தான். செக்குகள் மூடினாலும் மூடலாம். ஆனால் யாரும் அதை விசாரித்துச் சொல்லவில்லை. செங்கமலம் கையை இழுத்துக்கொண்டாள். "பானையை மூடறதுக்குள்ள வந்துடறேன் ஐயா!" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினாள். சுங்கம் இல்லாத ஊரில் எண்ணெய் என்ன விலை, அங்கே செக்குகள் ஓடுகின்றனவா என்று படகுக்காரர்களிடம் கேட்டாள். அதுவரை அந்தக் கேள்வியை ஊரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.