ஒன்பதாவது பெயர்

கடைசியில் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே நடனக் குழுவில் எட்டே பேருக்குத்தான் இடம். ஆண்டுதோறும் ஜூலையில் தேர்வு நடக்கும். எண்பது, தொண்ணூறு பேர் வந்து ஆடுவார்கள்.

அந்த ஆண்டு ஆட வந்தவர்களில் ஒருத்தி சகாய ரோஸி. இரண்டாம் ஆண்டு வணிகவியல். பள்ளிக்கூட நாளிலிருந்தே கோயில் திருவிழா மேடைகளில் ஆடிப் பழகியவள். குழுவில் சேரவேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. தனியாகப் போகப் பயந்து, பக்கத்தில் உட்காரும் முத்துமாரியையும் கூட்டிக்கொண்டாள். முத்துமாரி மேடையே ஏறியதில்லை. ஒன்றரை மாதம், வகுப்பு முடிந்த பிறகு காலி அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, ரோஸிதான் அவளுக்கு ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தாள்.

பட்டியல் வந்தது. முத்துமாரியின் பெயர் இருந்தது. ரோஸியின் பெயர் இல்லை.

ரோஸி தோழியைக் கட்டிக்கொண்டு, "சந்தோஷமா இருக்குட்டி" என்றாள். பிறகு கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் கல்லூரிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் முத்துமாரி குழுத்தலைவி ஹெப்சிபாவைத் தேடிப் போனாள். ஹெப்சிபா மூன்றாம் ஆண்டு மாணவி.

"அக்கா, எனக்கு முட்டி வலி. டாக்டர் ஆடக்கூடாதுன்னுட்டாரு. நான் விலகிக்கிடுதேன். அடுத்தது யாரு?"

ஹெப்சிபா தேர்வின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள். ஒன்பதாவதாக இருந்தது ரோஸி.

"அப்போ அவளையே சேத்துக்கோங்க. ஆனா விலகுனது நான்னு அவகிட்ட சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

வலியோடு வந்த பெண் கேட்கிறாளே என்று ஹெப்சிபாவும் சத்தியம் செய்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதே முத்துமாரி பேருந்தைப் பிடிக்க இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மறுநாள் ரோஸி வந்தாள். அவளுக்கு இடம் கிடைத்திருப்பதை ஹெப்சிபா சொன்னாள். வாடிக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்தது. சிரித்துக்கொண்டே கேட்டாள்: "விலகுனது யாருக்கா?"

ஹெப்சிபாவுக்குத் தெரியும்: வாயை மூடிக்கொண்டால் இந்தச் சிரிப்பு நிலைக்கும், சத்தியமும் நிலைக்கும்.

"முத்துமாரி" என்றாள். "முட்டி வலின்னா. அவ காலுக்கு ஒண்ணும் இல்ல, ரோஸி."

ரோஸி நேராக கேன்டீனுக்குப் போனாள். முத்துமாரி தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்கு முட்டி வலியா?"

முத்துமாரி தலை நிமிரவில்லை. "நீ அன்னைக்கு அழுத. குழாய் சத்தத்துக்கு மேல எனக்குக் கேட்டுச்சு. எப்படிட்டி நான் போய் ஆட முடியும்?"

"எனக்கு அந்த இடம் வேணும். ரொம்ப வேணும். ஆனா அது நீ ஜெயிச்சது."

"நீ சொல்லிக்கொடுத்துதான ஆடுனேன்?"

"சொல்லிக்கொடுத்தது நான். அன்னைக்கு நல்லா ஆடுனது நீ." ரோஸி எதிரே உட்கார்ந்தாள். "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். இனிமே உன்கிட்டயே வந்து அழுதுக்கிடுதேன். நீ கூட உக்காந்திரு, அது போதும்."

அங்கேயே, டீ ஆறுகிற வரைக்கும், அழுதாள். முத்துமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முத்துமாரி குழுவுக்குத் திரும்பினாள். அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான விழாவில் ஆடவும் செய்தாள். ரோஸி பார்க்க வந்திருந்தாள். முதல் பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். இரண்டாவது பாட்டுக்கு உள்ளே வந்து, கை சிவக்கத் தட்டினாள். முத்துமாரியோ ஹெப்சிபாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சத்தியம் செய்துவிட்டு மீறியவள் என்ற கோபம்.

ஒருத்தி தோழிக்காகப் பொய் சொன்னாள். ஒருத்தி கொடுத்த சத்தியத்தை மீறினாள். ஒருத்தி அன்பாக வந்ததைத் திருப்பிக் கொடுத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: என் கணக்கில் ஹெப்சிபா. முட்டி வலி என்பதை நம்பித்தான் அவள் சத்தியம் செய்தாள். வலியே இல்லை என்று தெரிந்த பிறகு அந்தச் சத்தியம் அவளைக் கட்டாது. மறைத்திருந்தால் ரோஸி என்றைக்காவது தெரிந்துகொண்டிருப்பாள். அன்றைக்கு இடமும் கசந்திருக்கும், தோழியும் கசந்திருப்பாள். ரோஸி திருப்பிக் கொடுத்தது பெரிய மனசு, சந்தேகமில்லை. ஆனால் உண்மை கைக்கு வந்த பிறகுதான் அவளால் அதைச் செய்ய முடிந்தது. முத்துமாரி செய்தது தவறுதான். தோழியால் ஒரு தோல்வியைத் தாங்க முடியாது என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். இருந்தாலும், இந்த மூன்று பேரில் யார் உனக்குத் தோழியாக வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் முத்துமாரியைத்தான் கேட்பேன்.