வடிவாள் கடைசியாக அழைத்த பெயர்

கப்பல்களுக்குக் காற்றையும் பாயையும் தவிர வேறு துணை இல்லாத காலம் அது. கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது ஒரு பொறாமைக்காரரின் கதை. ஊரிலேயே பெரிய பணக்காரர், ஊரிலேயே ஏழையான ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கதை.

முத்தலைத்துறை என்ற பட்டினத்தில் சேந்தப்பர் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். அவருடைய கிடங்கைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் தும்மல் வரும் என்பார்கள். மூன்று கப்பல்கள் அவருக்காகக் கடலில் போய்வந்தன. கோபம் வந்தால் கத்துவார், மகிழ்ச்சி வந்தாலும் கத்துவார். ஆனால் துயரம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவருடைய சுபாவம் அப்படி.

அவர் மனைவி வடிவாள். இருவருக்கும் தலை நரைத்து, பல் ஆடத் தொடங்கிய வயதில் வடிவாள் படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் ஏதோ கட்டி. அரண்மனை வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு சேந்தப்பரை வாசலுக்கு அழைத்துவந்து மெல்லச் சொன்னார்.

"வலி குறைய மருந்து தருகிறேன். நோய் தீர மருந்து இல்லை. அடுத்த மழைக்காலத்தை அம்மா பார்ப்பது கடினம். பக்கத்திலேயே இருங்கள்."

சேந்தப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். "வைத்தியர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் வடிவாள்.

"பொங்கலுக்குள் எழுந்து நடமாடுவாய் என்றார்" என்று சொன்னார் சேந்தப்பர்.

வடிவாள் அவர் முகத்தையே பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை. தன் உடம்பு தனக்குச் சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சில நாள் கழித்து அவள் பேச்சைத் தொடங்கினாள். "நான் போன பிறகு..." என்றாள்.

"வாயைக் கழுவு" என்று எழுந்து போய்விட்டார் சேந்தப்பர்.

இன்னொரு நாள், "அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எனக்குக் கட்டிவிடச் சொல்லுங்கள்..." என்றாள். "அதைக் கட்டிக்கொண்டு நீயே தேர்த் திருவிழாவுக்கு வருவாய்" என்று சிரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிடங்குக்குப் போனார்.

மூன்றாம் முறை அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பயமாக இருக்கிறது."

சேந்தப்பர் அன்றைக்கே வண்டி கட்டச் சொல்லி மூன்று ஊர் தள்ளியிருந்த வேறொரு வைத்தியரை அழைத்துவந்தார். அதற்குப் பிறகு வடிவாள் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில் கூத்தாயி என்று ஒரு படகோட்டியின் விதவை இருந்தாள். வடிவாளுக்குச் சிறுவயதுத் தோழி. ஒரே தெருவில் பாண்டி ஆடி வளர்ந்தவர்கள். ஒருத்தி மாளிகைக்கு வாழ்க்கைப்பட்டாள்; மற்றவள் குடிசைக்கு. ஆனாலும் நட்பு விட்டுப்போகவில்லை. வடிவாள் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, தினமும் ஆற்றைக் கடந்து வந்தாள் கூத்தாயி. வந்ததும் கட்டிலோரம் தரையில் உட்காருவாள். வடிவாளின் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொள்வாள். கதவு சாத்தப்படும்.

கதவுக்கு அப்பால் பேச்சு. ஓயாத பேச்சு. சில சமயம் அழுகை. சில சமயம், நீங்கள் நம்பமாட்டீர்கள், சிரிப்பு! மூச்சு முட்டுகிற சிரிப்பு. சேந்தப்பர் உள்ளே நுழைந்தால் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

அந்த நிறுத்தம்தான் அவரைச் சுட்டது.

'நான் கொடுத்த கட்டில், நான் கொடுத்த மெத்தை. என் மனைவி. எனக்கு மட்டும் மௌனமா?' என்று நினைத்தார். அவர் ஊட்டினால் இரண்டு வாயில் கஞ்சியை விலக்கிய வடிவாள், கூத்தாயி ஊட்டினால் கிண்ணத்தைக் காலி செய்தாள். அதைப் பார்த்தார். அவர் தொட்டால் "வலிக்கிறது" என்றவள், கூத்தாயி பிடித்துவிட்டால் கண்மூடித் தூங்கினாள். அதையும் பார்த்தார். அறையில் கூத்தாயியின் வெற்றிலை வாசம் தங்கிப்போயிருந்தது. அது அவர் மூக்கில் ஏறி மிளகைவிடக் காரமாக எரிந்தது.

கிடங்கில் எடை போடும்போது எண்ணிக்கை தப்பியது. கப்பல் கரை சேர்ந்த செய்தியைக்கூட அவர் பாதிதான் காதில் வாங்கினார். ஆற்றில் படகு தெரிகிறதா என்று மாடத்தில் நின்று பார்ப்பார். படகு தெரிந்தால் வயிறு எரியும். தெரியாவிட்டால், வடிவாள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்; அப்போதும் எரியும்.

ஒருநாள் அந்த மனிதர் கதவில் காதை வைத்தார். ஊரே எழுந்து நின்று வணங்கும் பெரிய மனிதர், தன் வீட்டுக் கதவிலேயே ஒட்டுக் கேட்டார்.

உள்ளே வடிவாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏடி, அங்கே போனால் பூவாளைப் பார்ப்பேனா? என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு? இப்படிக் கிழவியாகப் போய் நின்றால்?"

"பெற்றவளைத் தெரியாமல் போகுமா? உன் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்குவாள், பார்" என்றாள் கூத்தாயி.

பூவாள், சேந்தப்பருக்கும் வடிவாளுக்கும் பிறந்த ஒரே குழந்தை. நடக்கக் கற்ற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இந்த வீட்டில் இனி அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது" என்று சொல்லியிருந்தார் சேந்தப்பர். அந்தப் பெயரைக் கேட்டால் தான் உடைந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு. அதன்பிறகு அவரும் சொல்லவில்லை. வடிவாளும் அவர் எதிரில் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெயர் கதவுக்கு அப்பால் வெகு சாதாரணமாகப் புழங்கியது. தன் குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல் அவருக்கு இருந்தது. கதவைத் தள்ளித் திறந்தார்.

"நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேசி அவளைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாயா? இனி இந்தப் படி ஏறாதே."

கூத்தாயி எழுந்தாள். வடிவாளின் காலை மெத்தையில் பதமாக வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். படியிறங்கிப் போனாள். வடிவாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேந்தப்பருக்கு மனம் நிறைந்திருக்க வேண்டும், இல்லையா? நிறையவில்லை. வடிவாள் அடியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். யாழ் வாசிப்பவரைக் கூட்டிவந்தார், பேசவில்லை. கடல்கடந்து வந்த பட்டைக் கட்டிலில் விரித்தார், பேசவில்லை. குலதெய்வத்துக்குப் பொன்னில் விளக்குச் செய்துவைப்பதாக வேண்டிக்கொண்டு அதையும் சொன்னார்; அவள் தலையை மட்டும் அசைத்தாள். வாய் திறந்து கேட்டது தண்ணீர் ஒன்றுதான்.

கடைசியில் தாங்கமாட்டாமல் அவரே ஆற்றைக் கடந்தார். கூத்தாயி கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளிடம் அப்படி என்னதான் பேசுவாய்? எனக்குச் சொல்லிக் கொடு" என்றார்.

கூத்தாயிக்குக் கோபம் வந்தது; அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது. "நான் எங்கே பேசினேன், அண்ணே? அவள் பேசினாள், நான் கேட்டேன். பாதிப் பேச்சு உங்களைப் பற்றித்தான். 'நான் போனால் மனுஷன் சாப்பிடாமல் கிடப்பாரே, அழவும் தெரியாதே, கிடங்கிலேயே கிடந்து செத்துப்போவாரே' என்று புலம்புவாள். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். நீங்கள் உள்ளே வந்தால் அவளுக்குத் தைரியம் போய்விடும்."

சேந்தப்பர் அங்கேயே ஒரு விறகுக்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக்கூட உங்கள்மேல் பொறாமைதான்" என்றாள் கூத்தாயி. "இத்தனை வயதுக்குப் பிறகும் அவள் நினைப்பெல்லாம் உங்கள்மேல். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவளை நான் பார்க்க வேண்டும். ஆள் அனுப்புங்கள், உடனே வருகிறேன்."

"அனுப்புகிறேன்" என்றார் சேந்தப்பர்.

வீடு திரும்பிக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். வடிவாளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வடிவு, நீ போய்விடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பூவாளுக்கு வலது கன்னத்தில் குழி விழுமே, நினைவிருக்கிறதா?" என்றார்.

வடிவாள் திரும்பிப் பார்த்தாள். "இடது கன்னம்" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் ஆயிற்று. இருவரும் அழுதார்கள், பேசினார்கள், மறுபடி அழுதார்கள். எந்தச் சேலை, எந்தக் கரையில் தகனம், யார் அவருக்குச் சமைத்துப் போடுவது, எல்லாம் பேசினார்கள். குழந்தை போன அன்று தான் ஏன் கிடங்குக்கு ஓடினேன் என்று அவர் சொன்னார். அதற்காகத் தான் எத்தனை காலம் அவரை வெறுத்தேன் என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டும் அவர் எழுந்து போகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறாமை அவ்வளவு சுலபமாகச் சாவதில்லையே!

"கூத்தாயி வரவில்லையா?" என்று கேட்டாள் வடிவாள்.

கிடைக்காதது கிடைத்த மனிதர் அவர். அதைப் பங்குபோட மனம் வரவில்லை. "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்றார்.

மறுபடி கேட்டாள். "ஆற்றில் வெள்ளம்" என்றார். ஆற்றில் வெள்ளம் இல்லை.

மூன்றாம் முறையும் கேட்டாள். "வருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள்" என்றார். யாரையும் அனுப்பவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் இவள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்த நாள் பிற்பகலில், கடற்காற்று வீசத் தொடங்கிய நேரத்தில், வடிவாளின் மூச்சு மாறியது. கண் மங்கியது. கை எதையோ தேடியது. சேந்தப்பர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகம் மலர்ந்தது.

"கூத்தாயி, வந்துவிட்டாயா?" என்றாள்.

சேந்தப்பருக்கு நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்ததுபோல் இருந்தது. 'நான்தான், நான்தான்!' என்று கத்த வாய் திறந்தார். மங்கிய அந்தக் கண்களில் இருந்த நிம்மதியைப் பார்த்தார். அதைக் கலைக்க அவரால் முடியவில்லை. திறந்த வாயால் மெல்லச் சொன்னார்.

"வந்துவிட்டேன், வடிவு. இங்கேயேதான் இருக்கிறேன்."

"இனிப் பயமில்லை" என்றாள் வடிவாள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

செய்தி கேட்டுக் கூத்தாயி ஓடிவந்தபோது, ஊர் கூடிக் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிவிட்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். படகேறித் திரும்பிப் போனாள். வந்தவர்கள் எல்லாரும் சேந்தப்பரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கடைசியாக என்ன சொன்னாள்?"

"என் பெயரைத்தான் சொன்னாள்" என்றார் சேந்தப்பர். கேட்டவர்கள் உச்சுக்கொட்டி, "கொடுத்துவைத்தவர்" என்றார்கள்.

ஆனால் அந்தப் பொய் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. அந்த அறையில் இருந்தது அவர் ஒருவர்தான். வாய் திறக்காமல் இருந்தால் வடிவாளின் கடைசிச் சொல் என்றென்றும் அவருடையது. யாரும் வந்து கேட்கப் போவதில்லை, பறிக்கப் போவதும் இல்லை. பல நாள் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அது அவருக்கு ஆறுதல் தரவில்லை.

காரியங்கள் முடிந்தபின் ஒரு காலையில் அவர் மறுபடி ஆற்றைக் கடந்தார். கூத்தாயி குடிசை வாசலில் நின்றாள்; உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"அவள் மூன்று முறை உன்னைக் கேட்டாள்" என்றார் சேந்தப்பர். "மூன்று முறையும் நான் பொய் சொன்னேன். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லித்தான் அழைத்தாள். உன் பெயரில் நானே பதில் சொன்னேன். 'இனிப் பயமில்லை' என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் எல்லாரிடமும் என்னை அழைத்ததாகச் சொல்லிவிட்டேன். அது உன்னுடையது, கூத்தாயி. எடுத்துக்கொள்."

கூத்தாயி நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அவள் பிடித்தது என் கையாக இருந்திருக்க வேண்டும்" என்றாள். "இதை நான் மன்னிக்கமாட்டேன், அண்ணே. சாகிறவரைக்கும் மன்னிக்கமாட்டேன்."

சேந்தப்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னது நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பி நடந்தார்.

"எங்கே போகிறீர்கள்?" என்றாள் கூத்தாயி, அதே கோபத்தோடு. "மன்னிக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், போகச் சொல்லவில்லை. வந்து உட்காருங்கள். அவளைப் பற்றிப் பேச எனக்கு மட்டும் வேறு யார் இருக்கிறார்கள்?"

பாயை உதறிப் போட்டாள். சேந்தப்பர் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை பட்டினத்துக்குத் திரும்பும் படகு அவருக்காகக் காத்திருந்து, பிறகு அவரில்லாமலே போனது.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: போகிறவரின் பேச்சை அஞ்சாமல் கேட்பதும், அவர் தேடுகிற மனிதரைப் பொறாமையின்றி அழைத்துவருவதுமே அவருக்கு நாம் கடைசியாகக் காட்டக்கூடிய அன்பு.