கல் வீட்டு மேஸ்திரி

வெள்ளைக்கரடு ஒரு சின்னக் குன்று. உச்சியில் முருகன், அடியில் கிணறு, நடுவில் ஓர் ஓட்டு வீடு. அந்த ஓட்டு வீட்டில் இருந்தவரைச் சுற்றுவட்டாரம் கரட்டம்மா என்று அழைத்தது. ஞானியாவதற்கு முன்னால் தையல் கடை வைத்திருந்தவர். இப்போதும் யாராவது கேள்வி கேட்டால், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பல பேருக்கு அந்தப் பார்வையோடு சரி.

அவருடைய சீடன் நாச்சிமுத்து, கட்டட மேஸ்திரி. குருவைவிட வயதில் மூத்தவன். அதனால் அவர் அவனை "அண்ணா" என்பார், அவன் அவரை "அம்மா" என்பான். முறை இடிக்கிறதே என்று இருவருமே கவலைப்பட்டதில்லை.

அந்தக் கரட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள், ஏறும் வழியில் கிடக்கும் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சின்ன வீடு கட்டி வைத்து முருகனிடம் வேண்டிக்கொள்வார்கள். பாதை நெடுக இப்படிக் கல் வீடுகள். வேண்டுகிறவர்களில் கொத்தனார்கள் குறைவு என்பதால், ஒரு வீடாவது நேராக நிற்காது.

நாச்சிமுத்துவால் அதைப் பொறுக்க முடியாது. ஏறும்போதே குனிந்து, ஒரு கல்லைத் திருப்பி வைப்பான். இன்னொன்று ஆடாமல் நிற்க அடியில் சில்லு கொடுப்பான். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வீட்டுக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"அது யாரு வெச்ச வேண்டுதலுங்கண்ணா?" என்று மேலே இருந்து குரல் வந்தது.

"தெரியலீங்கம்மா."

"முருகனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்ப விட்டுட்டு வாங்க. காப்பி ஆறுது."

அவன் வந்து உட்கார்ந்தான். டம்ளரைக் கையில் வாங்கியதுமே வேலை இடத்துப் புலம்பல் ஆரம்பமாகிவிட்டது. வீட்டுக்காரர் ஒருவர் நேற்று சாரத்தில் ஏறி, கொத்தனார் கையிலிருந்த கரண்டியை வாங்கி, இப்படி வை என்று இரண்டு செங்கல்லை அவரே வைத்துக் காட்டியிருக்கிறார். கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"எங்கிட்ட வேலை செய்யறவன் என்னைக் கேக்காம டீக்குக்கூடப் போக மாட்டானுங்க. ஆனா இதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலை. கரண்டியைப் புடுங்குனா எந்தக் கொத்தனாருங்க நிப்பான்?"

"நிக்க மாட்டாந்தானுங்க" என்றார் கரட்டம்மா.

காப்பி தீர்ந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தவன் எழுந்திருக்கவில்லை. வந்த விஷயத்தை இன்னும் கேட்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. கனிகாவுக்கு நான் என்ன பொம்மை செஞ்சு குடுக்கட்டும்?"

கனிகா, அவனுக்கும் மனைவி சுகந்திக்கும் பிறந்த மகள். நாலரை வயது. அவள் பிறந்தபோது அவன் மஸ்கட்டில் ஒரு பெரிய கட்டட வேலையில் இருந்தான். அவள் தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது எல்லாம் அவனுக்குப் போனில்தான். போதும் இந்தப் பிழைப்பு என்று போன தை மாதம்தான் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தான்.

"இப்ப என்ன பொம்மை இருக்குதுங்க?"

கேட்டதுதான் தாமதம், நாச்சிமுத்து மடை திறந்தான். தேக்குத் துண்டுகளைச் சோப்புக் கட்டி அளவுக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செங்கல் செய்திருக்கிறான். நூல் கட்டையும் தீப்பெட்டியும் வைத்து ஏறி இறங்கும் லிப்ட். ஐஸ் குச்சியில் பாலம். பிளாஸ்டிக் குழாயில் கிரேன்; அது ஒரு தேங்காயைத் தூக்கும்.

"நல்லாத்தான இருக்குது. அப்புறமென்ன?"

"நான் போய் உக்காந்தா எந்திரிச்சுப் போயிர்றாங்கம்மா."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"தனியா இருந்தா வெளையாடறா. தேங்காத் தொட்டி, பழைய டப்பா, கண்டதையும் வெச்சு ஆட்டுக்கு வீடு கட்டறா. சரி, நம்ம புள்ளை, நம்ம தொழிலு, கூட ஒக்காந்து சொல்லிக் குடுக்கலாம்னு போனா, 'நீயே வெளையாடுப்பா'ன்னு கையைத் தட்டிட்டு எந்திரிச்சிர்றா. பெத்தவன் நான். விருந்தாளி வந்தாப்பல என்னைப் பாக்கறா."

"மஸ்கட்ல இருந்தப்பவும் இப்படித்தானுங்களா?"

"அய்யோ, அப்ப வேறீங்க. போனை எடுத்தாப் போதும், 'அப்பா பாரு, அப்பா பாரு'ன்னு கட்டுனதையெல்லாங் காட்டுவா. சுகந்தி போனைப் புடுங்குனாக்கூட அழுவா."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அங்கிருந்துட்டு நான் என்னத்தைங்க பண்றது? பாத்துட்டு இருப்பேன்."

கரட்டம்மா அவனை ஒருமுறை அளவெடுத்தார். அவன் கேள்விக்குப் பதில் வரும் என்று காத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கனிகா அம்மணியைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் ஒரு பையோடும் கையில் மகளோடும் நாச்சிமுத்து கரடு ஏறினான். பையில் தேக்குச் செங்கல், கிரேன், எதற்கும் இருக்கட்டும் என்று சுவர் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டம். மனுஷன் போருக்குப் போவதுபோலத்தான் வந்தான். கனிகா வழியில் இருந்த கல் வீடுகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றான்.

அவள் சொல்லவில்லை. வாசலில் கொட்டிக் கிடந்த கல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணுங்கற மட்டும் எடுத்துக்கோ அம்மணி" என்றார் கரட்டம்மா. பிறகு நாச்சிமுத்துவின் தோளிலிருந்து பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். "அண்ணா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பூக் கட்ட நூல் சுத்தோணும். இங்க உக்காந்து கையை நீட்டுங்க."

அவன் வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். கரட்டம்மா ஒரு நூல் சிட்டத்தைப் பிரித்து, வளையமாக அவன் இரண்டு மணிக்கட்டிலும் மாட்டினார். எதிரில் உட்கார்ந்து நுனியைத் தேடி எடுத்து, உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார்.

"கையை அசைச்சுறாதீங்க. சிக்கு விழுந்தா அப்புறம் பொழுது போயிரும்."

கனிகா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

அவள் முதலில் வைத்த கல் கூழாங்கல். உருண்டை. நாச்சிமுத்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு சப்பைக் கல், அதற்கு மேல் இன்னொரு உருண்டை.

"அம்மணி, அடிக்கல்லு தட்டையா..."

"வாய்க்குஞ் சேத்து நூல் மாட்டியிருக்கோணும்" என்றார் கரட்டம்மா, சுற்றுவதை நிறுத்தாமல்.

அவன் வாயை மூடிக்கொண்டான். கனிகா நான்காவது கல்லை வைத்தாள். வீடு சரிந்தது. அவன் கைகள் தாமாகப் பாய்ந்தன; நூல் இழுத்துப் பிடித்தது. அய்யோ, குழந்தை அழப்போகிறது என்று நினைத்தான்.

கனிகா சிரித்தாள். விழுந்த கல் எவ்வளவு தூரம் உருண்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் அதே கூழாங்கல்லை வைத்தாள்.

மறுபடியும் விழுந்தது. மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை கரட்டம்மாவும் சேர்ந்து சிரித்தார். நாச்சிமுத்துவின் நெற்றியில் மட்டும் வேர்த்தது. சாரம் சரிந்தால்கூட அவன் இவ்வளவு வேர்த்திருக்க மாட்டான்.

"அத்தை, எனக்குப் பெரிய கல்லு வேணும்" என்றாள் கனிகா.

கரட்டம்மா நூல் உருண்டையை மடியில் வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு கல் கொண்டுவந்தார்.

"இது இல்லை. இன்னும் பெருசு."

"சரிங்க அம்மணி." கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வேறு கொண்டுவந்தார்.

நாச்சிமுத்து கைகளை நீட்டியபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் வலித்தது. ஆனால் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால், மெல்ல மெல்ல நன்றாகவே பார்க்கத் தொடங்கினான். அவள் ஒவ்வொரு கல்லையும் வைப்பதற்கு முன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். சூடான கல் ஒரு பக்கம், குளிர்ந்த கல் ஒரு பக்கம். குளிர்ந்த கற்களை மட்டும்தான் சுவரில் வைத்தாள். நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவன் கவனித்ததில்லை.

விழுந்து விழுந்து ஒரு வழியாகச் சுவர் நின்றது. கனிகா எழுந்து கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கைகளைப் பார்த்தாள். இன்னும் நூல் இருந்தது. அவள் அருகில் வந்தாள்.

"அப்பா, பாரு."

மஸ்கட்டில் ராத்திரிச் சோற்றுத் தட்டைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு அவன் கேட்ட குரல் அது. ஊர் வந்ததிலிருந்து கேட்கவில்லை.

"பாக்கறனுங்க அம்மணி."

அவள் கரட்டம்மா கொண்டுவந்த பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். அடியில் போக வேண்டிய கல். அதைச் சுவரின் உச்சிக்குக் கொண்டுபோனாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அது எதுக்கு மேல?" என்று மட்டும் கேட்டான்.

"டேங்க்கு. தண்ணி டேங்க்கு மேலதான இருக்கும்? நீதான காட்டுன, போன்ல."

காட்டியிருந்தான். மொட்டை மாடியில் நின்றுகொண்டு, இதோ பாரு இதுதான் டேங்க்கு, இதுதான் அப்பா கட்டற வீடு என்று போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தான்.

"அப்ப இது யாரு வீடு அம்மணி?"

"நீ கட்டறது" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அவனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நூல். சும்மா விட்டுவிட்டான், அதுபாட்டுக்கு வழிந்தது.

டேங்க்கை வைத்ததும் சுவர் ஆடியது. கனிகா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். சரியாமல் அண்டை கொடுக்க ஏதாவது வேண்டும். அவள் கண் அப்பாவின் காலில் விழுந்தது.

"அப்பா, நீ செவுரா இரு."

"எப்படீங்க?"

"இப்படி." அவன் காலை இழுத்து வைத்துக் கல் வீட்டை அதில் சாய்த்தாள். டேங்க் நின்றது. பிறகு அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. முழங்காலில் ஒரு மாடி. பாதத்தின் மேல் ஆட்டுக்கு ஒரு வீடு. தொடை நெடுகக் காம்பவுண்டு. நாச்சிமுத்து மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டான்.

நூல் எப்போது தீர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசி வளையமும் அவிழ்ந்து கரட்டம்மாவின் உருண்டைக்குள் போன பிறகும், அவன் கைகள் நீட்டியபடியே நின்றன.

"நூல் முடிஞ்சுதுங்கண்ணா" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றான். கைகளை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். கனிகா சட்டென்று நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். அவை மடியிலேயே இருந்தன. அவள் குனிந்து இன்னொரு கல்லைக் கன்னத்தில் ஒற்றினாள்.

வெயில் மரத்தடிக்குள் வந்தது. ஒரு கட்டெறும்பு அவன் கணுக்காலில் ஏறி, காம்பவுண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்டு வீட்டுக்குள் நுழைந்தது. இடுப்புக்குக் கீழே கால் என்று ஒன்று இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

"அம்மா" என்றான் தாழ்ந்த குரலில். "காலு மரத்துப் போச்சுங்க. டீத் தண்ணி நேரமும் ஆச்சு. எந்திரிக்கட்டுங்களா?"

கரட்டம்மா நூல் உருண்டையைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டார். கனிகா கேட்டிருந்த அடுத்த கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"நான் சித்தாளுங்கண்ணா. மேஸ்திரியைக் கேளுங்க."