லைப்ரரியைப் பூட்டியது யார்?

தாளாளர் தெய்வசிகாமணிக்குத் தினமும் காலைப் பிரேயரில் இங்கிலீஷில் முழங்காவிட்டால் தின்ற இட்லி செரிக்காது. ஒருநாள், புதிதாக வேலைக்கு வந்த இங்கிலீஷ் டீச்சர் எஸ்தரைக் கூப்பிட்டார்.

"எட்டாம் வகுப்புக்கு இலக்கணத்துல வாய்ஸ், மூட் ரெண்டும் நாளைக்குள்ள வந்தாகணும். பெற்றோர் கூட்டத்துல மேடையேத்திக் கேட்பேன். ஒரு பிள்ளை திணறினாலும் உனக்கு இங்க வேலை இல்லை."

"சரிங்க சார். உதாரணத்துக்கு உங்க பிரேயர் பேச்சையே எடுத்துக்கட்டுமா?"

தாளாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமா! அதைவிட நல்ல இங்கிலீஷ் எங்க கிடைக்கும்?"

மறுநாள் மண்டபம் நிறையப் பெற்றோர். "ஆக்டிவ் வாய்ஸுக்கு உதாரணம் சொல்லு" என்றார் தாளாளர்.

கடைசி பெஞ்ச் ரிஸ்வானா மைக் முன்னால் வந்தாள். இங்கிலீஷில் சொல்லி, பெற்றோருக்காகத் தமிழிலும் சொன்னாள். "'இந்தக் கட்டடத்தை நான் கட்டினேன்.' இதுல செஞ்சவர் முன்னாடி வந்து நிற்பார், சார்."

"பலே! பாஸிவ்?"

"'லைப்ரரி பூட்டப்பட்டது.' இதுவும் நீங்க பிரேயர்ல சொன்னதுதான், சார். இதுல செஞ்சவர் ஒளிஞ்சுக்குவார்."

கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்தார். "பிள்ளைங்க படிக்கிற லைப்ரரியை யாரு சார் பூட்டினது?"

தாளாளரின் கை சட்டைப்பையில் இருந்த சாவியை அமுக்கியது. "உட்காருங்க! பேசாம உட்காருங்க!"

"இம்பெரேட்டிவ் மூட்!" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் கத்தியது. "அதட்டி உத்தரவு போடறது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஒரு பிள்ளையும் திணறவில்லையே, எஸ்தரை எப்படி அனுப்புவது?

அடுத்த நாள் காலைப் பிரேயரில் தாளாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழங்கினார்: "லைப்ரரியை நான் திறந்தேன்!"