பள்ளம் நிரம்பிய கதை

கரிக்குடியில் மூன்று தலைமுறையாக நிலக்கரி வெட்டினார்கள். ஒருநாள் கரி தீர்ந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு மாபெரும் பள்ளமும், வேலையில்லாத நானூறு குடும்பங்களும், அவர்களுக்கு ஓர் ஊர்ச்சபையும்தான்.

அமைச்சர் மகுடேசருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். மைத்துனருக்கு அங்கே மாளிகை கட்டித்தர ஆசை. கரியில்லாத ஊருக்குச் சபை எதற்கு, கலைத்துவிட்டுச் சனங்களை வேறெங்காவது அனுப்பிவிடலாம் என்று அரசர் மாணிக்கவர்மரின் காதில் ஓதினார். அவையில் இருந்த விகடகவி பூவணநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. அந்த ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று குறுக்கே சொல்லிவைத்தான்.

"அப்படியானால் பொங்கலுக்குள் சபையே அந்தப் பள்ளத்தை நிரப்பட்டும். நிரப்பினால் ஊர் அவர்களுக்கு," என்றார் மகுடேசர்.

ஆயிரம் வண்டி மண் கொட்டினாலும் அடிகூட மூடாத பள்ளம் அது. அரசரோ யோசிக்காமல் ஓலையில் முத்திரை வைத்துவிட்டார்.

பூவணநாதன் ஓலையோடு கரிக்குடிக்குப் போனான். அங்கே பள்ளத்தின் கரையில் எட்டுக் கமலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மாடுகள் இழுக்க இழுக்கத் தண்ணீர் மேலே வந்து ஓடையில் விழுந்தது.

கரிதான் தீர்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு இறைக்கிறீர்கள் என்று சபைத் தலைவர் வெள்ளையப்பனைக் கேட்டான்.

"ஊத்துத் தண்ணி குழியில நிக்கக்கூடாதுன்னு பெரிய ராசா காலத்து உத்தரவுங்க. வெட்டுறத நிறுத்தச் சொல்லி ஓலை வந்துச்சு. இறைக்கிறத நிறுத்தச் சொல்லி யாரும் அனுப்பலையே சாமி."

பூவணநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னான்.

ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. பொங்கலன்று அரசர் வந்தபோது பள்ளம் ததும்பும் ஏரியாக இருந்தது. சுரங்கம் வெட்டிய கைகளுக்கு வாய்க்கால் வெட்டுவது பெரிய வேலையா? நாற்புறமும் வயல்களில் நாற்று பச்சை கட்டியிருந்தது. கமலை மாடுகள் ஏரில் பூட்டப்பட்டிருந்தன. வெள்ளையப்பன் கைகட்டி நின்றார். ஊர் இருக்குமா போகுமா என்று அரசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடேசருக்கு முகம் சிவந்துவிட்டது. மண்ணால் நிரப்பத்தான் தாம் சொன்னதாகச் சாதித்தார். அரசர் ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார். மண் என்ற பேச்சே அதில் இல்லை.

பூவணநாதன் பணிவாக முன்னே வந்தான்.

"மண்தான் வேண்டுமென்றால் கொட்டிவிடலாம் அரசே. அதற்கு முன் அமைச்சர் இந்தத் தண்ணீரை இறைத்துக் கொடுக்கட்டும். கமலை எட்டும் சும்மாதான் கிடக்கிறது. மாடுகளுக்குத்தான் இப்போது வேறு வேலை வந்துவிட்டது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊர் கரிக்குடிச் சபைக்கே என்று அங்கேயே முத்திரை வைத்தார். இம்முறை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகு.